ரோட்டோரத் தையல்கடையும் மகளின் முட்டும்: ஏ9 ஐ அகலமாக்கினால் புகை குறையுமா?

தையல்கடை அக்கா:
கிளிநொச்சியில், யாழ்ப்பாணம் போகும் ஏ9 பெருந்தெரு ஓரமாகத் தையல்கடை வைத்திருக்கிறேன். ரோட்டுக்குக் கிழக்குப் பக்கம். சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து எழும்பினால் ரிப்பர் லொறிகள் கிளப்புகிற கிரவல் தூசி நேரே கடைக்குள்தான். காலையில் வெட்டிவைத்த பள்ளிக்கூடச் சட்டைத் துணியை மத்தியானம் உதறினால் சிவப்பு மண் கொட்டும். துணியென்றால் துவைக்கலாம், பிள்ளையின் நெஞ்சை என்ன செய்வது? மகளுக்கு ஆறு வயது, முட்டு (மூச்சிழுப்பு) இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்து மெஷினுக்குப் பக்கத்தில் இருந்துதான் வீட்டுப்பாடம் செய்வாள். பஸ்கள் ஆள் ஏற்றுவதும் கடை வாசலில்தான், ஸ்டாட்டிலேயே நிற்கும்.

ரோட்டை அகலமாக்கினால் நெரிசலும் புகையும் போய்விடும் என்கிறார் பக்கத்துக் கடை அண்ணை. உண்மையா? இல்லாவிட்டால் உள் ஒழுங்கைக்கு மாறட்டா? வாடிக்கை போய்விடுமோ என்று பயம்.

வவுனியாத் தம்பி:
அக்கா, அகலமாக்கினால் கொஞ்ச நாளைக்குக் குறையும். பிறகு இடம் இருக்கிறதென்று வாகனமும் கூடிவிடும்.

உங்கள் துணியில் கொட்டுவது பெரிய தூசி, மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் தங்கிவிடும். டீசல் புகைத் துகள் 2.5 மைக்ரோமீற்றரை விடவும் சிறியது, சுவாசப்பையின் அடிவரை போகும். அதற்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன வருடச் சராசரி அளவு, ஒரு கன மீற்றர் காற்றில் 5 மைக்ரோகிராம். ஆனால் ரோட்டுப் புகை தூரம் போகப்போக நன்றாக ஐதாகும். முதல் நூறு, நூற்றைம்பது மீற்றருக்குள்ளேயே பெரிய வித்தியாசம் வரும். ஒழுங்கை நல்ல யோசனை.

எங்கள் ஊர்களின் பிழையே அதுதான். கடை, பள்ளிக்கூடம், கந்தோர் எல்லாவற்றையும் ஒரே ரோட்டில் மாலை மாதிரிக் கோத்து வைத்திருக்கிறோம். தூர இடத்து லொறியும் அதே ரோட்டால்தான் போகவேண்டும்.

பரந்தனான், இப்போது லண்டன்:
இங்கே 2003இல் நகர நடுவுக்குள் வரும் வாகனங்களுக்குக் கட்டணம் வைத்தார்கள். 2019இல் புகை கூடிய பழைய வாகனங்களுக்குத் தனிக் கட்டணம், 2023இல் அது லண்டன் முழுக்க. சனம் திட்டித் தீர்த்தது. ஆனால் காரை விட்டால் ஏற ரயிலும் பஸ்ஸும் இருக்கிறது. அங்கே அதை அப்படியே கொண்டுபோய் வைத்தால் ஏழைதான் அடிபடுவான். முதலில் சைக்கிளுக்கு ஓரம் விடட்டும். 2022 எண்ணெய்த் தட்டுப்பாட்டில் எல்லோரும் சைக்கிள்தானே மிதித்தீர்கள்?

பஸ் சாரதி:
எல்லாப் பழியும் எங்கள் தலையிலா? பற்றரி பழசு, நிப்பாட்டினால் திரும்ப ஸ்டாட் எடுக்காது, பிறகு சனம்தான் இறங்கித் தள்ளவேண்டும். ஒதுங்கி நிற்க ஒரு குடா வெட்டித் தந்தால் கடை வாசலில் ஏன் நிற்கிறோம்? 2022 டிசம்பரில் இந்தியப் பக்கமிருந்து வந்த புகைமூட்டத்துக்குப் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். அதுவும் எங்கள் பஸ்ஸா?

தையல்கடை அக்கா:
சாரதி அண்ணை, கோபிக்காதேங்கோ. உங்கள் பஸ்ஸில்தான் நானும் வருகிறேன். குடா கேட்டுக் கடிதம் எழுதினால் நீங்களும் கையெழுத்து வைக்கவேண்டும்.

ஒழுங்கைக்குள் ஒரு அறை கேட்டிருக்கிறேன். ஓடர் எடுப்பது முன்கடையில், தைப்பதும் பிள்ளை படிப்பதும் அங்கே. நேற்றுப் பின்னேரம் மகளோடு நடந்து எண்ணினேன், 160 எட்டு. அவள் 240 என்கிறாள்.