சிறு மாற்றங்களைச் சோதித்துக் கல்வியைத் திருத்தலாமா?

இளவேனில்:
கல்விச் சீர்திருத்தத்தை ஒரே அரசாணையில் எங்கும் புகுத்துவதைவிட, சிறிதாகச் செய்து பார்த்து, விளைவை அளந்து, திருத்தி, மறுபடியும் செய்வதே நேர்மையான வழி என்பது என் கருத்து. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு மும்பையிலும் வடோதராவிலும் படிப்பில் பின்தங்கிய மாணவர்களைத் தனியே அமர்த்தி, அப்பகுதி இளம்பெண்களைக் கொண்டு நாளுக்கு இரண்டு மணி நேரம் கற்பித்தபோது பலன் தெரிந்தது. பின்னர் உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் கிராமங்களில் தன்னார்வலர்கள் வாசிப்பு வகுப்பு நடத்தினார்கள். வந்த பிள்ளைகள் முன்னேறினார்கள். ஆனால் வாசிக்கத் தெரியாதவர்களில் பெரும்பாலோர் வரவே இல்லை. அளந்து பார்த்ததால்தான் அடுத்த முயற்சி பள்ளிக்குள் நகர்ந்தது.

கதிரவன்:
நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியன். நீங்கள் முயற்சி என்று எழுதுவது ஒரு குழந்தைக்கு மூன்றாம் வகுப்பு. அது திரும்பி வராது. உத்தராகண்டில் அப்படிப் பள்ளிகளுக்குள் அனுப்பப்பட்ட தன்னார்வலர்கள் பள்ளியின் வழக்கமான வேலைகளில் கரைந்துபோனதால் கற்றலில் எந்த மாற்றமும் ஏற்படவில்லை. ஆய்வாளருக்கு அது ஒரு பாடம்; அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது?

இளவேனில்:
சோதிக்காமல் புகுத்தியிருந்தால் அதே தோல்வி பல மாநிலங்களில், யாருக்கும் தெரியாமலேயே நடந்திருக்கும். பீகாரை எண்ணிப் பாருங்கள். அங்கே 2008 கோடை முகாமில் அரசுப் பள்ளி ஆசிரியர்களே கற்பித்தபோது பிள்ளைகள் முன்னேறினார்கள். பள்ளி ஆண்டு தொடங்கியதும், பயிற்சியும் கையேடுகளும் மட்டும் பெற்ற ஆசிரியர்களின் வகுப்புகளில் பலன் தெரியவில்லை. குறை ஆசிரியரின் திறமையில் இல்லை, பாடப்புத்தகத்தை முடித்தாக வேண்டிய நெருக்கடியில் இருக்கிறது என்பதை இந்த ஒப்பீடு காட்டியது. அதனால்தான் 2012இல் ஹரியானாவில் தனியாக ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு மாணவர்களை வாசிப்பு நிலைப்படி பிரித்தார்கள். மேற்பார்வை அலுவலர்களும் முதலில் தாமே வகுப்பெடுத்துப் பழகினார்கள். இந்தி வாசிப்பு உயர்ந்தது.

கதிரவன்:
பாடத்தை முடிக்கச் சொல்லி நெருக்குகிறார்கள் என்பதை எந்த ஆசிரியரிடம் கேட்டிருந்தாலும் முதல் நாளே சொல்லியிருப்பார். ஹரியானாவில் வென்றது அந்த ஒரு மணி நேரத்திற்கு அரசு தந்த அதிகாரம். மற்ற நேரமெல்லாம் பாடத்திட்டத்தின் சுமை அப்படியே இருந்தது. சிறு மாற்றங்களையே தேடும்போது, பாடத்திட்டம் என்ற பெரிய கேள்வியை எவரும் தொடுவதில்லை. சோதனைகள் நடக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் எதைச் சோதிப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் வகுப்பாசிரியர்கள் அமர வேண்டும், முடிவுகள் அமைச்சகத்துக்குப் போகும் நாளிலேயே அவர்கள் கைக்கும் வர வேண்டும்.

இளவேனில்:
இரண்டாவது கோரிக்கையை முழு மனத்தோடு ஏற்கிறேன். பாடத்திட்டத்தைக் குறைப்பதையும் முதலில் ஓர் ஒன்றியத்தில் செய்து பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்பதில் மட்டும் உங்களால் என்னோடு உடன்பட இயலவில்லை என்றால், அதை நாம் தொடர்ந்து பேசலாம்.