மகள் தமிழ்ப் புத்தகத்தைத் தானாக எடுத்து வாசிப்பதில்லை: என்ன செய்யலாம்?

வெள்ளவத்தைத் தாய் கேட்கிறார்:

என் மகள் தரம் 7இல் ஆங்கில மொழிமூலம் படிக்கிறாள். புலமைப்பரிசில் பரீட்சை வரை தமிழில் கற்றவள் என்பதால் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையல்ல. வீட்டிலும் நாங்கள் தமிழிலேயே பேசுகிறோம். ஆயினும் பாடப்புத்தகம் தவிர்ந்த ஒரு தமிழ் நூலை அவள் விரும்பி எடுத்து நான் கண்டதில்லை. கடந்த செப்டெம்பரில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் நடந்த புத்தகக் கண்காட்சியில் ஆங்கில நூல்களின் முன்னே அரை நாள் நின்றவள், நான் வாங்கிக் கொடுத்த மூன்று தமிழ்ச் சிறுவர் நூல்களை இன்னும் திறக்கவில்லை. என் தகப்பனாரின் புத்தகங்கள் இரண்டு அலுமாரிகளில் இருக்கின்றன. 1983 ஜூலையில் எங்கள் சிங்கள அயலவர் ஒருவர் தம் வீட்டில் மறைத்து வைத்துத் திருப்பித் தந்த புத்தகங்கள் அவை. எனக்குப் பின் அவற்றை வாசிக்க ஆளில்லாமற் போகுமோ என்று மனம் வருந்துகிறது. இதே நிலையைக் கடந்தவர்கள் வழி கூறுவீர்களா?

தெகிவளைத் தகப்பன்:

சகோதரி, என் மகனுக்கும் இதே சிக்கல் இருந்தது. சனிக்கிழமை தோறும் தமிழ் வகுப்புக்கு அனுப்பினோம். வீட்டில் நாளுக்கு ஒரு பக்கம் வாசித்து அதன் சுருக்கத்தை ஐந்து வரிகளில் எழுத வைத்தோம். சாதாரண தரத்தில் தமிழில் நல்ல பெறுபேறு கிடைத்தது. ஒழுங்கு இருந்தால் பழக்கம் தானாக வரும் என்பது என் அனுபவம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, கொட்டாஞ்சேனை:

தகப்பனார் கூறும் வழி பெறுபேற்றுக்கு உதவியிருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை இன்று பரீட்சைக்கு அப்பால் ஏதேனும் தமிழில் வாசிக்கிறாரா என்பதையும் அவர் எழுதியிருந்தால் இந்தத் தாய்க்குப் பயன்பட்டிருக்கும். பக்கத்தின் முடிவில் சுருக்கம் எழுத வேண்டும் என்று தெரிந்தால் பிள்ளை கதையை விட்டுவிட்டு விடையைத் தேடத் தொடங்கிவிடும். முப்பது வருடம் வகுப்பறையில் இதையே நான் கண்டேன்.

அம்மா, முதலில் அவள் எந்த இடத்தில் தடுக்குகிறாள் என்று அருகில் இருந்து கவனியுங்கள். கடைகளில் கிடைக்கும் சிறுவர் நூல்களிற் பல இந்தியாவில் அச்சானவை. நம் பிள்ளை கதிரையில் அமர்ந்து, பாண் தின்று, சப்பாத்து அணிந்து பாடசாலைக்குப் போகிறது; நூலிலுள்ள பிள்ளையோ நாற்காலியில் அமர்ந்து, ரொட்டி தின்று, செருப்பு அணிந்து பள்ளிக்கூடம் போகிறது. கதிரை, பாண், சப்பாத்து ஆகியவை போர்த்துக்கேயர் வழியாக வந்து பல நூற்றாண்டுகளாக நம் வாயில் வழங்கும் சொற்கள் என்பதால், அவை இல்லாத நூல் யாரோ அயல் வீட்டாரின் நூலாகவே பிள்ளைக்குத் தோன்றுகிறது. இதைவிடப் பெரிய தடை வினைமுற்றில் இருக்கிறது. வீட்டில் 'வாறன்' என்று கேட்டு வளர்ந்த காது, தாளில் 'வருகிறேன்' என்பதை ஒவ்வொரு வரியிலும் மனதுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது சோம்பல் அன்று. நாம் கவனிக்கத் தவறிய உழைப்பு. எழுத்துத் தமிழ் காதுக்குப் பழக்கமாகும் வரை, நாளுக்குப் பத்து நிமிடமாவது நீங்களே உரக்க வாசித்துக் காட்டுங்கள். கேள்வி எதுவும் கேட்காதீர்கள். ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் 2005 முதல் இலவசமாகத் தந்துவருகிறது. நம் ஊர்ச் சொற்கள் உள்ளவற்றை அங்கே தேடலாம்.

உங்கள் தகப்பனாரின் புத்தகங்கள் பற்றியும் ஒன்று. அவை எழுபதுகளுக்கு முந்தியவை என்றால் பழைய எழுத்தில் இருக்கும். ணை, லை, ளை, னை ஆகியவற்றின் ஐகாரக் குறி அப்போது யானையின் துதிக்கை போல எழுத்தோடு ஒட்டி மேலே வளைந்திருந்தது. றா, ணா, னா முதலியவற்றுக்கும் வேறு வடிவம் இருந்தது. 1978இல் தமிழ்நாடு அரசு ஆணையிட்ட சீர்திருத்தம் இந்தப் பதின்மூன்று எழுத்துகளை மாற்றியது. பின்னர் இங்கும் அதுவே அச்சில் நிலைத்தது. அவற்றைக் காட்டிக் கொடுக்காமல் பழைய நூலைக் கையில் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் முதற் பக்கத்திலேயே மூடிவிடும்.

பம்பலப்பிட்டி இளைஞன்:

நானும் ஆங்கில மொழிமூலத்தில் படித்தவன். எனக்குத் தமிழ் வாசிப்பு வந்தது அம்மம்மாவால். கண்ணில் வெண்புரை வந்து அவரால் வாசிக்க இயலாமற் போனபோது, ஞாயிறு வீரகேசரியை வாசித்துக் காட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. அவர் முதலில் கேட்பது மரண அறிவித்தல்கள். 'புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட' என்று நான் தொடங்கியதும், அந்த ஊரில் தமக்குத் தெரிந்தவர்களைப் பற்றி அவர் சொல்லத் தொடங்குவார். நான் ஒருபோதும் போயிராத ஊர்களின் பெயர்களையும், பெறாமகன், மைத்துனி, சம்பந்தி என்ற உறவு முறைகளையும் அந்தப் பத்திகளில்தான் கற்றேன். நான் வாசிக்காவிட்டால் அவருக்கு அன்று செய்தி இல்லை என்பதால் ஒரு ஞாயிறும் தவறவிடவில்லை. ரீச்சர் சொல்வதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பிள்ளையின் வாசிப்பு வீட்டில் ஒருவருக்கு உண்மையாகவே தேவைப்பட வேண்டும்.

வெள்ளவத்தைத் தாய் மீண்டும்:

அனைவருக்கும் நன்றி. ரீச்சர், உங்கள் பதிலைக் கண்ட அன்றிரவே அப்பாவின் புத்தகம் ஒன்றை எடுத்து உரக்க வாசித்தேன். பக்கத்தில் இருந்து பார்த்தவள் பழைய 'லை'யில் விரல் வைத்து இது என்ன எழுத்து என்று கேட்டாள். காரணத்தைச் சொன்னேன். இப்போது பதின்மூன்று எழுத்துகளையும் அந்தப் புத்தகத்திலேயே தேடிப் பிடித்துக் கொப்பியில் வரைகிறாள்; ஒன்பது கிடைத்துவிட்டன. முதற் பக்கத்தில் அப்பா தம் பெயருக்குக் கீழே வாங்கிய திகதியையும் விலையையும் எழுதியிருந்ததைப் பார்த்து, மற்றப் புத்தகங்களிலும் அப்படி இருக்கிறதா என்று நாளை அலுமாரியைத் திறக்கச் சொல்லியிருக்கிறாள்.