ஒரே நாளில் வாங்கிய இரண்டு ஹார்ட் டிஸ்குகள்

கும்பகோணம், புகைப்பட நிலையம் நடத்துபவர்

2012 ஐப்பசி மாதம். தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம் அது. எங்கள் தெருவில் ஒரு மணி நேரம் மின்சாரம் இருந்தால் அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. யு.பி.எஸ். பேட்டரி களைத்துப்போய், கணினியை ஒரு நாளில் ஏழெட்டு முறை அணைத்து எழுப்பிக்கொண்டிருந்தோம். ஆவணி முகூர்த்தங்களில் எடுத்த பதினொரு திருமணங்களின் படங்கள் அந்தக் கணினியில் இருந்தன. தலை தீபாவளிக்குள் ஆல்பம் தருவதாகப் பதினொரு வீடுகளிலும் சொல்லியிருந்தேன்.

எச்சரிக்கையாக இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் தானாகப் பதியும்படி ரெய்டு முறையில் இணைத்திருந்தேன். ஒரே கடை, ஒரே ரசீது. இரண்டின் வரிசை எண்களிலும் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டுமே மாறியிருந்தன.

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்று போனது. டக் டக் என்ற சத்தம் இல்லை, சூடு இல்லை. தகடு வழக்கம்போல் சுழலும் ஒலி கேட்டது. கணினி எழும்போது முதலில் வரும் பயாஸ் திரையில் வட்டின் பெயர் சரியாக வந்தது. கொள்ளளவு மட்டும் பூஜ்யம். இரண்டாவது வட்டில் எல்லாப் படங்களும் திறந்தன. நிம்மதியாகக் கடைக்குப் போய்ப் புதிய வட்டு ஒன்று வாங்கி வந்து, அதைப் பொருத்துவதற்காகக் கணினியை அணைத்தேன். மீண்டும் எழுப்பியபோது இரண்டாவது வட்டும் பூஜ்யம் காட்டியது.

அணைப்பதற்கு முன் ஒரு வெளிப்புற டிஸ்கைச் செருகி நகல் எடுத்திருந்தால் மூன்று மணி நேரத்தில் முடிந்திருக்கும். இதை நினைக்காமல் நான் தூங்கப்போன இரவுகள் அந்த மாதத்தில் குறைவு.

அடுத்து இன்னொரு தவறு செய்தேன். தெரிந்த ஒருவர் சொன்னார் என்று அதே மாடலில் மூன்றாவது வட்டு வாங்கி, அதன் சர்க்யூட் போர்டைக் கழற்றிப் பழையதில் மாட்டிப் பார்த்தேன். எழவில்லை. மூன்று நாள் வீணானது. பிறகு இரண்டு வட்டுகளையும் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இரவு ரயிலில் சென்னை போனேன். அங்கே தரவு மீட்பு நிலையத்தில் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "தகட்டில் கீறல் இல்லை. தகட்டைப் படிக்கும் ஹெட் நன்றாக இருக்கிறது. படங்கள் அத்தனையும் உள்ளேதான் இருக்கின்றன. பழுதான இடங்களைக் குறித்துவைக்கும் பட்டியலை, வட்டை இயக்கும் உள் நிரலான ஃபர்ம்வேர் குழப்பிவிட்டது."

ஒரு நல்ல லென்ஸ் வாங்கும் பணம் அங்கே செலவானது. கடைசி நாள் எழுதிக்கொண்டிருந்த ஒரு கோப்பைத் தவிர எல்லாம் திரும்பி வந்தன. தயாரிப்பு நிறுவனம் உத்தரவாதத்தின்படி இரண்டு புதிய வட்டுகளைக் கொடுத்தது. வட்டின் விலைக்கு அவர்கள் பொறுப்பேற்றார்கள், உள்ளே இருந்ததற்கு ஒருவரும் பொறுப்பில்லை. அந்த நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள். அந்தப் போர்டு ஏன் வேலை செய்யவில்லை என்பது எனக்கு இன்றுவரை சரியாக விளங்கவில்லை.


சென்னை, தரவு மீட்புத் தொழிலில் இருப்பவர்

போர்டு கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் வாரத்துக்கு ஒருவராவது இப்படிப் போர்டை மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் வருகிறார்.

ஹார்ட் டிஸ்கின் ஃபர்ம்வேர் ஓரிடத்தில் முழுமையாக இருப்பதில்லை. ஒரு சிறு பகுதி போர்டில் உள்ள சிப்பில் இருக்கிறது. பெரும்பகுதி தகட்டிலேயே, நம் கோப்புகள் எட்டாத தனித் தடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. சிப்பில் இருப்பதும் பொதுவானதன்று. ஒவ்வொரு வட்டின் ஹெட்டையும் தொழிற்சாலையில் அளந்து, அந்த வட்டுக்கு மட்டும் பொருந்தும் அளவுகளை அதில் பதிக்கிறார்கள். அதனால் அதே மாடல் என்றாலும் பக்கத்து வட்டின் போர்டு பொருந்தாது. பழைய சிப்பைப் பிரித்தெடுத்துப் புதுப் போர்டில் பற்றவைக்க வேண்டும். அதுவும் போர்டு எரிந்திருந்தால்தான் பயன்படும். உங்களுடைய கோளாறு தகட்டில் இருந்த பகுதியில். பத்துப் போர்டு மாற்றியிருந்தாலும் பலன் இருந்திருக்காது.

பூஜ்யம் காட்டுவது ஏன்? கிராம நிர்வாக அலுவலகத்து அ-பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். நிலம் அப்படியே கிடக்கிறது, வரப்பும் அப்படியே இருக்கிறது. எந்தப் புல எண் எங்கே என்று சொல்லும் பதிவேடு கிழிந்துவிட்டால் அளக்க வந்தவருக்கு ஊரில் நிலமே இல்லாததுபோல் ஆகிவிடும். வட்டிலும் அப்படி ஒரு பதிவேடு உண்டு. கணினி கேட்கும் எண்ணைத் தகட்டில் உள்ள இடமாக மாற்றித் தருவது அதுதான். அது கெட்டால் வட்டு தன் அளவையே மறந்துவிடுகிறது.

வேறொரு வகைக் கோளாறு உலகம் முழுவதும் அறியப்பட்டது, நான் தொழில் கற்றதே அதைப் படித்துத்தான். சீகேட் நிறுவனத்தின் பாரகுடா 7200.11 ஹார்ட் டிஸ்க். 2008 டிசம்பர் வரை தயாரான வட்டுகளில் ஒரு பகுதி நன்றாக ஓடிக்கொண்டிருந்துவிட்டு மறுநாள் காலை பயாஸுக்கே தெரியாமல் போயின. சில பூஜ்யம் காட்டின. 2009 ஜனவரியில் சீகேட் கோளாறை ஒப்புக்கொண்டது. காரணத்தைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வட்டு தன் நிகழ்வுகளை ஒரு குறிப்பேட்டில் வரிசையாக எழுதிக்கொண்டே போகும். அந்தக் குறிப்பேட்டின் எண் 320-இல் நிற்கும்போது, அல்லது அதிலிருந்து ஒவ்வொரு 256 தாண்டும்போது, சரியாக அந்த இடத்தில் மின்சாரம் நின்றால் அடுத்த முறை எழும்போது ஃபர்ம்வேர் சிக்கிக்கொள்ளும். எல்லா வட்டுகளும் அல்ல. தொழிற்சாலையில் ஒரு குறிப்பிட்ட சோதனைக் கருவி தகட்டின் ஒதுக்கப்பட்ட பகுதியில் தன் தடயத்தை விட்டுச்சென்றவை மட்டும்.

அணைக்கவே அணைக்காத வட்டுக்கு அந்த நோய் வெளிப்படாது. தினமும் அணைத்து எழுப்புபவருக்குச் சீக்கிரம் வெளிப்படும். கும்பகோணத்துக்காரர் சொல்லும் மின்வெட்டுக் காலத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

அப்போது பயனர்களே கண்டுபிடித்த வைத்தியம் ஒன்று உண்டு. வட்டின் பக்கவாட்டில் உள்ள சிறு முனைகளில் சீரியல் இணைப்பை 38400 வேகத்தில் கொடுத்து, போர்டுக்கும் உள்ளிணைப்புக்கும் நடுவே ஓர் அட்டைத் துண்டைச் செருகி ஃபர்ம்வேரைப் பாதியில் நிறுத்தி, கட்டளை அடித்துப் பதிவேட்டைச் சீராக்குவார்கள். பலருக்குப் பலித்தது. கட்டளையில் ஒரு எண் தவறினால் திரும்ப வழியில்லாமலும் போகும் என்பதால் அந்த வரிகளை நான் இங்கே எழுதப்போவதில்லை.


பெங்களூரு, சர்வர் அறைப் பொறியாளர்

கும்பகோணத்து நண்பரின் பதிவில் என்னை உலுக்கியது வரிசை எண்களைப் பற்றிய அந்த வரி.

2019 நவம்பரில் ஹெச்.பி. என்டர்பிரைஸ் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அவர்கள் சர்வர்களுக்காக விற்ற சில சாஸ் வகை எஸ்.எஸ்.டி.கள் (சுழலும் தகடு இல்லாமல் சிப்பிலேயே பதியும் வட்டுகள்) சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் நின்றுவிடும், பிறகு வட்டும் கிடைக்காது, தரவும் கிடைக்காது என்றார்கள். 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம் என்று கணக்கும் போட்டிருந்தார்கள். நிரல் எழுதுபவருக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் புரிந்துவிடும். 15 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் 32,768. கூட்டல், கழித்தல் குறிக்கும் இடம் ஒதுக்கும் 16 பிட் கணினி எண்ணில் 32,767 வரைதான் எழுத முடியும், அடுத்த மணி நேரத்தை எழுத இடமில்லை. 2020 மார்ச்சில் வேறு சில மாடல்களுக்கு மற்றோர் அறிவிப்பு. அங்கே எல்லை 40,000 மணி நேரம். இரண்டுக்கும் திருத்திய ஃபர்ம்வேர் கொடுத்தார்கள். அதற்கும் முன், 2012 ஜனவரியில், க்ரூஷியல் எம்4 எஸ்.எஸ்.டி.களுக்கு 5,184 மணி நேரக் கோளாறு திருத்தப்பட்டது. அதில் தரவு அழியாது. வட்டு உறைந்துபோகும், மீண்டும் எழுப்பினால் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு மறுபடி உறையும்.

எங்கள் அறையில் இருந்தவை வேறு தயாரிப்பு, அவற்றுக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை. இருந்தாலும் 2019 அறிவிப்பைப் படித்த அன்று இரவு நானும் உடன் வேலை பார்ப்பவரும் உட்கார்ந்து ஒவ்வொரு வட்டும் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று, வட்டு தன்னைப் பற்றித் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்திலிருந்து எடுத்தோம். ஒரு பெட்டியில் 24 வட்டுகள். முதல் வட்டுக்கும் கடைசி வட்டுக்கும் இடையே வித்தியாசம் 9 மணி நேரம்.

அந்த ஒற்றை எண்ணைப் பார்த்தபடி இருவரும் வெகுநேரம் பேசாமல் இருந்தோம். ரெய்டு என்பது ஒன்று போனால் மற்றவை தாங்கும் என்ற நம்பிக்கை. ஒரு வட்டின் பேரிங் தேய்ந்தாலோ ஹெட் உரசினாலோ அந்த நம்பிக்கை சரி. ஆனால் ஃபர்ம்வேர் தேய்வதில்லை. 24 வட்டிலும் ஒரே எழுத்து, ஒரே கடிகாரம். அதில் பிழை இருந்தால் எங்களிடம் இருந்தது 24 வட்டு அல்ல, ஒரே வட்டு. மாற்று வட்டு வைத்து அதில் தரவை மீண்டும் எழுதி முடிக்கக்கூட 9 மணி நேரம் போதாது.

அதன்பின் ஒரு தொகுப்பில் பாதிக்கு மேல் ஒரே கொள்முதலில் வந்த வட்டுகளை வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். கணக்குப் பிரிவு இதற்கு எளிதில் சம்மதிக்கவில்லை, மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்றார்கள். அந்த 9 மணி நேரக் கணக்கைத் தாளில் அச்சடித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்துக் கிடைத்தது.


மதுரை, கல்லூரி மாணவர்

என் மடிக்கணினியில் ஃபர்ம்வேர் புதுப்பிப்பு இருப்பதாகக் காட்டுகிறது. இதையெல்லாம் படித்த பிறகு செய்வதா, வேண்டாமா என்று தெரியவில்லை. வட்டு இப்போது நன்றாகத்தான் ஓடுகிறது.


சென்னை, தரவு மீட்புத் தொழிலில் இருப்பவர்

செய்யுங்கள், தம்பி. ஆனால் முதலில் முழு நகல் எடுங்கள், சார்ஜரைச் செருகியே வைத்திருங்கள், மழை இடி இருக்கும் மாலையில் தொடாதீர்கள். வட்டு ஏற்கனவே தடுமாறுகிறது என்றால் மட்டும் புதுப்பிக்க வேண்டாம், தரவை எடுப்பதே முதல் வேலை.

நகலை நான் வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. 2009-இல் சீகேட் அவசரமாக வெளியிட்ட முதல் திருத்தமே 500 ஜி.பி. மாடல் ஒன்றில் நல்ல வட்டுகளைச் செயலிழக்கச் செய்தது. அதைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்து மறுபடி வெளியிட்டார்கள். பயந்து மருந்து சாப்பிட்டவருக்கு மருந்தே நோயானது. இன்னொன்று, 2010 இறுதியில் சாம்சங்கின் எஃப்4 வரிசை 2 டெராபைட் வட்டுக்கு வந்த திருத்தம். வட்டு எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கணினி அதன் அடையாள விவரம் கேட்டால், எழுத வேண்டியது எழுதப்படாமலே போகும் பிழை அதில் இருந்தது. திருத்தினார்கள், ஆனால் திருத்திய பிறகும் ஃபர்ம்வேரின் பதிப்பு எண் மாறவில்லை. வட்டைப் பார்த்து அது திருத்தப்பட்டதா என்று சொல்ல வழியே கிடையாது. அதனால் நீங்கள் புதுப்பித்தால் தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதி வட்டிலேயே ஒட்டிவிடுங்கள்.


கும்பகோணம், புகைப்பட நிலையம் நடத்துபவர்

பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது, இன்றுதான் அந்தப் போர்டு விஷயம் விளங்கியது. நன்றி ஐயா. பெங்களூரு நண்பர் சொன்ன கொள்முதல் முறையை நான் விவரம் தெரியாமலே செய்து வருகிறேன். ஒரு வட்டு வாங்கினால் அடுத்ததை நான்கைந்து மாதம் கழித்து, வேறு தயாரிப்பில் வாங்குவேன். மூன்றாவது நகல் தஞ்சாவூரில் மைத்துனர் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

ஆல்பங்களைப் பற்றித் தனிச் செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். எட்டு வீடுகளுக்குத் தீபாவளிக்கு முதல் நாள் இரவுக்குள் கொடுத்துவிட்டேன். மூன்று வீடுகளுக்குக் கார்த்திகையில்தான் முடிந்தது. அந்த மூன்று வீட்டுக்கும் நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். ஒரு வீட்டில் மட்டும் கோபப்பட்டார்கள், அது நியாயமான கோபம்.


திருவையாறு, இல்லத்தரசி

எனக்குக் கணினி அதிகம் தெரியாது. என் அப்பா நாகஸ்வரம் வாசிப்பவர். அவர் 40 ஆண்டுகளாக வைத்திருந்த கேசட்டுகளை நானும் என் மகளும் இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்து கணினியில் ஏற்றினோம். பல கேசட்டுகள் இப்போது பூஞ்சை பிடித்துவிட்டன. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று இரண்டு வெளிப்புற ஹார்ட் டிஸ்குகளில் பதிந்து, ஒன்று என்னிடமும் ஒன்று மகளிடமும் இருக்கின்றன.

இந்தப் பதிவுகளைப் படித்துவிட்டு மகளைத் தொலைபேசியில் அழைத்து, வட்டின் பின்புறத்தில் இருப்பதை வாசிக்கச் சொன்னேன். தயாரித்த மாதம் ஒன்றுதான். மாடல் ஒன்றுதான். பதிப்பு எண்ணை எங்கே பார்ப்பது என்று மருமகன் காட்டினார், அதுவும் ஒன்றுதான். இரண்டும் இப்போது திறக்கின்றன. என்னுடையதைக் கணினியிலிருந்து இன்னும் கழற்றவில்லை, கணினியையும் அணைக்கவில்லை. காலையில் கடை திறந்ததும் வேறு தயாரிப்பில் ஒன்று வாங்கி வந்து, முதலில் அப்பாவின் மல்லாரியை நகல் எடுக்கப்போகிறேன்.