ஐஎஸ்-ஐஎஸ்ஸில் ஐபிவி6: மல்டி டோபாலஜிக்கு மாறியவர்களின் ஆலோசனை தேவை

வணக்கம். ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று பாதைகளைத் தெரிவிக்க உதவும் ஐஎஸ்-ஐஎஸ் என்ற ரூட்டிங் புரோட்டோகாலில், ஐபிவி4 மட்டும் இயங்கும் எங்கள் நெட்வொர்க்கில் ஐபிவி6-ஐயும் சேர்க்க வேண்டியுள்ளது. இதே வேலையைச் செய்யும் ஓஎஸ்பிஎஃப் என்றால், ஐபிவி6-க்கு அதன் மூன்றாம் பதிப்பைத் தனியாக இயக்க வேண்டும். இங்கோ 2008-இல் வந்த ஆர்எஃப்சி 5308 என்ற இணையத் தரநிலை ஆவணத்தின் 232, 236 என்ற இரு டிஎல்விக்களே (ரூட்டர்கள் பரிமாறும் செய்தியின் தகவல் புலங்கள்) போதும் என்பது பெரிய நிம்மதி.

சில பழைய லிங்க்குகளில் ஐபிவி6 இல்லை என்பதுதான் சிக்கல். ஒற்றை டோபாலஜியில் (ஒரே இணைப்பு வரைபடத்தில்) இரு முகவரி வகைகளுக்கும் ஒரே எஸ்பிஎஃப் (மிகக் குறுகிய பாதை) கணக்கீடு நடப்பதால், மெட்ரிக் (பாதைச் செலவு) குறைவாக உள்ள அத்தகைய லிங்க் வழியே பாதை அமைந்து, ஐபிவி6 பாக்கெட்டுகள் அங்கேயே தொலைந்துபோகக்கூடும். ஆகவே ஒவ்வொரு முகவரி வகைக்கும் தனி டோபாலஜி வைக்கும், ஆர்எஃப்சி 5120 கூறும் மல்டி டோபாலஜியே பொருத்தம் எனக் கருதுகிறேன்.

பழைய, புதிய முறைகள் இரண்டையும் ஒருசேர இயக்கும் டிரான்சிஷன் மோடில் வைத்து ரூட்டர்களை ஒவ்வொன்றாக மாற்றியவர்கள், அந்த மோடை எந்தக் கட்டத்தில் நீக்கினீர்கள், பெரிய மதிப்புகளை ஏற்கும் வைடு மெட்ரிக்குக்கு மாறும்போது இணைப்பு தடைபட்டதா என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.