நுவரெலியாக் குளிரில் டயர் காற்று இறங்குமா?

கேள்வி: வெள்ளவத்தையில் இருந்து போகும் வழியில் அவிசாவளையில் ஒரு பெற்றோல் ஷெட்டில் பார்த்தேன், நாலு டயரிலும் காற்றழுத்தம் 37 பிஎஸ்ஐ காட்டியது. கதவோரத்து ஸ்டிக்கரில் 33. கூடினதை இறக்கிவிட்டேன். மறுநாள் காலை நுவரெலியாவில் கைக்கருவி 29 காட்டுகிறது! பஞ்சரா, குளிரா?

பதில் 1: பஞ்சர் என்றால் நாலும் ஒன்றாக இறங்காது தம்பி. ஓடிச் சூடாகி அழுத்தம் கூடியிருந்த டயரில் காற்றை இறக்கியதுதான் பிழை. ஸ்டிக்கரில் உள்ளது ஆறிய டயருக்கான கணக்கு. மூன்று மணித்தியாலமாவது நிறுத்திவைத்துப் பார்க்க வேண்டும்.

பதில் 2: 5, 6 பாகை குளிர்ந்தால் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். ஆனால் அங்கே உயரம் 1,868 மீற்றர், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் கருவி 3 பிஎஸ்ஐ அளவு கூட்டிக் காட்டும். குளிரில் போனது உயரத்தில் வந்துவிடும், கணக்கு நேராகிவிடும். நானும் முதலில் நம்பவில்லை.

கேள்வி கேட்டவர்: நன்றி அண்ணாமார். விடியவே 33க்கு அடித்துவிட்டேன்.

பதில் 2: சரி, கொழும்புக்கு வந்தபின் ஆறவிட்டு இன்னொருக்கா பாரும். ஸ்பெயார் டயரையும் மறக்காதேயும், என்னுடையதில் 12தான் இருந்தது.