கோவளத்துக்கும் அறுகம் குடாவுக்கும் ஒரே ஃபிஷ் போர்டு: எந்த அளவு எடுப்பது?

கேள்வி:
வணக்கம். இரண்டு வருடமாகக் கோவளத்தில் 8 அடி ஃபோம் போர்டில் சர்ஃப் செய்கிறேன். எடை 74 கிலோ. போன வாரம் நண்பருடைய 6 அடி 4 அங்குல ஃபிஷ்ஷை (குட்டையான, அகலமான சர்ஃப் பலகை; கன அளவு 39 லிட்டர்) இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். இடுப்பளவு அலைக்குக் கை வலிக்கத் துழாவியும் பாதி அலை என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. பிடித்த அலைகளிலும் எழுந்து நிற்பதற்குள் பலகையின் மூக்கு தண்ணீரில் குத்திவிட்டது. 7 அடி 2 அங்குலத்தில் (47 லிட்டர்) ஒன்று விலைக்கு வருகிறது. ஆகஸ்டில் இலங்கையின் அறுகம் குடா போகிறேன். அங்கே அது பெரிதாகத் தெரியுமா?

பதில் (கோவளம்):
தம்பி, 7 அடி 2-ஐ எடுங்கள். ஃபிஷ் என்பது 1960களின் கடைசியில் சான் டியாகோவில் ஸ்டீவ் லிஸ் முழங்காலிட்டு ஓட்டுவதற்காகச் செய்த பலகை. குட்டை, அகலம், பிளந்த வால், அடியில் இரண்டு ஃபின் (மீன் துடுப்பு போன்ற தகடு). நின்று ஓட்டுகிற நமக்கு, அதுவும் கோவளத்தின் மெதுவான அலைக்கு, நீளம் கூடினால்தான் அலை உடையும் முன்பே வேகம் கிடைக்கும். வருடத்தில் முக்கால்வாசி நாள் ஓட்டப்போவது எந்த அலையோ அதற்குத்தான் பலகை வாங்க வேண்டும்.

மூக்கு குத்துவதற்கு நீளம் மட்டும் காரணமில்லை. ஃபிஷ்ஷின் அடிப்பக்கம் கிட்டத்தட்டத் தட்டை, மூக்கில் வளைவு குறைவு. நேராக இறங்கினால் குத்தத்தான் செய்யும். எழும்போதே போகும் திசைக்குச் சற்றுச் சாய்த்து இறங்குங்கள். படுத்திருக்கும்போது மூக்கு தண்ணீருக்கு மேல் இரண்டு விரல் உயரம் நிற்க வேண்டும். அதற்கும் கீழே போனால் உடம்பைப் பின்னுக்கு நகர்த்துங்கள்.

பதில் (பொத்துவில்):
அண்ணன் சொன்னது சரி. இங்கே அறுகம் குடாவின் முக்கிய சர்ஃப் இடமான மெயின் பாயின்ட் வலப்பக்கம் நீளமாக ஓடும் அலை, அடியில் பாறை. நெஞ்சளவு வரைக்கும் அந்தப் பலகை உங்களுக்கு நல்ல சுகமாக ஓடும். தலைக்கு மேல் எழும்பும் நாட்களில் இரண்டு ஃபின் மட்டும் இருந்தால் வால் வழுக்கும். நடுவில் சின்னதாக மூன்றாவது ஃபின் போட இடம் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். இன்னொன்று, 47 லிட்டரை அலைக்கு அடியில் அமுக்கிக் கொண்டுபோக முடியாது. அலை உடையும் இடத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். ஆகஸ்டில் சனம் அதிகம், முதல் இரண்டு நாள் பக்கத்தில் அலை மென்மையாக இருக்கும் விஸ்கி பாயின்டில் பழகிவிட்டு வாருங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இன்று காலை கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போதே 7 அடி 2-ஐ இறக்கினேன். முதல் இரண்டு அலையில் மறுபடி மூக்கு குத்தியது. 8 அடிப் பலகையில் படுக்கும் அதே இடத்தில் படுத்திருக்கிறேன்! ஒரு சாண் பின்னால் போனதும் சரியாகிவிட்டது. அப்புறம் ஐந்து அலை, ஒன்று கரை வரைக்கும். வாலின் நடுவில் மூன்றாவது ஃபின்னுக்குப் பெட்டியும் இருக்கிறது. வாங்கிவிட்டேன்.

பதில் (கோவளம்):
நல்லது தம்பி. எட்டடியில் படுத்த பழக்கம் போக ஒரு வாரம் ஆகும். பலகைமேல் பூசும் மெழுகில் மார்பு வரும் இடத்தில் ஒரு கோடு கீறி வையுங்கள்.