பிராம்ப்டன்: ஞாயிறு இஃப்தாருக்குக் கூப்பிட்டாச்சு, என்ன சமைக்கிறது?

புதுசா வந்தவள்: அக்கா, அண்ணன்மாரே, அவசரம். நாங்க கிறிஸ்தவங்க, கனடா வந்து மூணு வாரம், பேஸ்மென்ட் வாடகை. பக்கத்து வீட்டு பாகிஸ்தான்காரங்க நோன்பு தொடங்கினதிலிருந்து ரெண்டு தடவை தட்டு நிறைய பலகாரம் குடுத்துட்டாங்க. வெறுந்தட்டைத் திருப்பிக் குடுக்க மனசு வரல. ஞாயிறு ஆறு மணிக்கு எங்க வீட்ல நோன்பு திறக்க வாங்கன்னு வாய்விட்டுட்டேன். மேல்வீட்டு ஓனர் சர்தார் குடும்பத்தையும் கூப்பிட்டாச்சு. சிக்கன் பிரியாணி, கேக், ஜெல்லி போதுமா? கையும் ஓடல காலும் ஓடல.

முத்துநகர்: எந்த சபைன்னே சொல்லலையேம்மா. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம், லெந்து காலம்ல? கத்தோலிக்கர்னாலும் கவலையில்லை, கறி விலக்கு சாம்பல் புதனுக்கும் வெள்ளிக்கிழமைக்கும்தான். ஞாயிறு அந்த நாப்பது நாள் கணக்குலயே வராது. கோழியை ஹலால் கடையில வாங்கினா எல்லாரும் சாப்பிடுவாங்க. 2016லிருந்து இங்க 'ஹலால்'னு அச்சடிச்சா சான்று குடுத்த அமைப்போட பேரும் லேபிள்ல இருக்கணும். பார்த்து வாங்குங்க.

மால்டன்வாசி: எல்லாரும் சாப்பிட மாட்டாங்க தம்பி. அமிர்தம் எடுத்த, அதாவது தீட்சை வாங்கின சீக்கியருக்கு ஹலால் முறையில அறுத்த கறி ஆகாது. 'குட்டா'ன்னு பேரு, 1945 நடத்தை விதியிலேயே விலக்கு. ஹலால் இல்லாததை வச்சா பக்கத்து வீடு பட்டினி. கறியையே விட்டுட்டு காய்கறி பிரியாணி, தயிர்ப் பச்சடி, கொண்டைக்கடலைன்னு போங்க. சில சீக்கிய வீட்ல முட்டையும் கிடையாது, அதனால கேக்கும் வேண்டாம்.

மார்க்கம் அக்கா: ஜெல்லி பாக்கெட்டைத் தொடாதே. அதுல இருக்கிற ஜெலட்டின் பெரும்பாலும் பன்றியோ மாடோதான். வனிலா எக்ஸ்ட்ராக்ட்டும் வேண்டாம், மூணுல ஒரு பங்குக்கு மேல ஆல்கஹால். நம்மூர் பாய் வீட்ல செய்ற கடற்பாசி இருக்கே, அதைச் செய். பத்து கிராம் நூல்பாசியை (நூல் நூலா விக்கிற கடற்பாசி) ரெண்டு டம்ளர் தண்ணியில கால் மணி நேரம் ஊறவச்சு, ஒரு நூல்கூடத் தெரியாம கரையற வரைக்கும் கொதிக்கவிடு. சீனியை அதுக்கப்புறம் போடு. அரை லிட்டர் பாலைச் சூடாத்தான் ஊத்தணும். ஃபிரிட்ஜ் பாலை அப்படியே ஊத்தினா கட்டி தட்டிடும். ஏலக்காய் போதும்.

ஜெபவீரன்: சகோதரி, இது கர்த்தர் திறந்த வாசல். தட்டோட ஒரு சுவிசேஷக் கைப்பிரதியும் வையுங்க. சாட்சி சொல்ல இதைவிட நல்ல சமயம் வராது.

மால்டன்வாசி: பிரியாணிக்கு அடியில தூண்டில் முள்ளா? அடுத்த தட்டு வரவே வராது. அவங்க கேட்டா தாராளமா சொல்லுங்க. மரியாளைப் பத்திப் பேச்சு எடுத்தா ரெண்டு பக்கமும் இனிக்கும். குர்ஆன்ல 19ஆம் அத்தியாயமே அவங்க பேர்லதான். சிலுவையில அவங்க நம்பிக்கை வேற. முதல் பந்தியிலேயே அங்க போய் மல்லுக்கட்டாதீங்க.

ஜெபவீரன்: வெட்கப்படுகிற விசுவாசம் விசுவாசமா?

முத்துநகர்: சாட்சி கிடக்கட்டும். பேஸ்மென்ட்ல ஏது இடம்? ஜன்னல் தபால்பெட்டி வாய் அளவு, வாடகை மட்டும் மாளிகைக்கு. கடுகு தாளிச்சாலே ஸ்மோக் அலாரம் கூப்பாடு.

பனிக்காடு: பார்க்கிங் இன்னும் மோசம். நம்ம தமிழ் சபைக்குள்ளேயே மூணு கட்சி, ஒருத்தர் வீட்ல ஒருத்தர் கை நனைக்கிறதில்ல. அயல்மதத்தாரோட சிநேகமாம்!

மார்க்கம் அக்கா: போதும்ப்பா, அந்தப் பிள்ளை அழுதுரும். தங்கச்சி, நோன்பு திறந்ததும் பேரீச்சம்பழம், தண்ணி. உடனே மக்ரிப்ங்கிற அந்தித் தொழுகை, பத்து நிமிஷம். அப்புறம்தான் சாப்பாடு. ஆளுக்கு மூணு பழம் கொட்டை எடுத்து வை. கிப்லா, அதான் அவங்க தொழும்போது பார்க்கிற மெக்கா திசை, இங்கிருந்து வடகிழக்கு. அந்தப் பக்கச் சுவர்ல படம் எதுவும் இல்லாத இடமாப் பார்த்து, துவைச்ச விரிப்பு ரெண்டு போடு. இயேசு படத்தைக் கழட்டி ஒளிக்க வேண்டாம், வேற சுவர்ல இருக்கட்டும். ஒளு செய்ய, அதாவது தொழுகைக்கு முன்னாடி கை, முகம், கால் கழுவ, பாத்ரூம்ல ஒரு மக், காலடியில கெட்டியான துண்டு. தரையில வடிகால் கிடையாது, தண்ணி தேங்கினா வழுக்கிரும். நோன்பு திறக்கிற நிமிஷம் அவங்க துஆவுக்கு, அதாவது வேண்டுதலுக்கு. உன் ஜெபத்தைப் பிரியாணி பரிமாறும்போது, கேட்டுட்டு, சுருக்கமா வச்சுக்கோ. அது சரி, எந்த ஞாயிறு?

புதுசா வந்தவள்: மார்ச் 8 அக்கா. நாங்க சிஎஸ்ஐ சபை. ஓனர் அம்மாகிட்ட இப்பதான் கேட்டேன், வீட்ல எல்லாரும் சைவமாம், முட்டையும் இல்லையாம்.

மார்க்கம் அக்கா: அடிப்பாவி, அன்னிக்கு விடியக்காலை ரெண்டு மணிக்குக் கோடை நேரக் கணக்குல கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னாடி போகுது! சனிக்கிழமை ஆறேகாலை ஒட்டி மறையற சூரியன் ஞாயிறு ஏழேகாலை ஒட்டித்தான் மறையும். ஆறு மணிக்கு வந்தா ஒரு மணி நேரத்துக்கு மேல வெறும் வயித்தோட உன் மசாலா வாசத்தை மோந்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. ஏழு மணின்னு இப்பவே ரெண்டு வீட்டுக்கும் மெசேஜ் போடு. நிமிஷக் கணக்கை அவங்க மசூதி அட்டவணைப்படி வச்சுக்கோ. தாளிப்பு, பொரியல் எல்லாம் அஞ்சு மணிக்குள்ள முடிச்சிடு.

புதுசா வந்தவள்: போட்டுட்டேன் அக்கா. பக்கத்து வீட்டம்மா சிரிக்கிற பொம்மை அனுப்பி, பக்கோடா நான் கொண்டு வர்றேன்னு எழுதியிருக்காங்க. தட்டு மறுபடி என்கிட்டயே தங்கிரும் போல.